முகூர்த்தக்கால் ஆன முட்டுக்கம்பம்

போன மாதம், நான் ஓய்வு பெற்ற பட்டறையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி. "சார், வீட்டுக் கூரை ஏத்தும்போது முதல் டிரஸுக்குக் கொடுக்கிற முட்டுக்கம்பத்துக்கு நம்ம ஆளுங்க மஞ்சள் பூசறாங்க. ஏன்னு கேட்டா, கணேசன் சார் காலத்திலேருந்து இப்படித்தான்னு சொல்றாங்க. எந்த பெயிண்ட் சார் அது?" என்று கேட்டார். பெயிண்ட் இல்லை, சமையல் மஞ்சள் என்றேன். கஸ்தூரி மஞ்சள் வேண்டாம், அது விலை கூட என்றும் சொல்லிவைத்தேன்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. போனில் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை அது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த காலத்தில், வெல்டிங் தெரிந்தவனுக்கு அங்கே சோறு உண்டு என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிவிட்டேன். சோறு இருந்தது, கூடவே குளிரும் இருந்தது. முதல் மார்கழியில் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். வெல்டிங் வேலை சூடாக இருந்ததால் தங்கிவிட்டேன். இரண்டாயிரம் பிறந்தபோது பட்டறையில் கூரை ஏற்றும் கோஷ்டிக்கு நான் மேஸ்திரி.

அதுவரை நாங்கள் கட்டியதெல்லாம் தொழிற்சாலைக் கொட்டகைகள். பிறகு பெங்களூர்க்காரர்கள் இந்தப் பக்கம் நிலம் வாங்கி, இரும்பு டிரஸ் போட்டு மேலே ஓடு வேய்ந்து பங்களா கட்ட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களுக்கும் ஆசை வந்தது. தொழிற்சாலைக் கூரையில் வேலை செய்வது சுலபம். அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள். வீட்டுக் கூரை என்றால் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரஸ் என்பது முக்கோணமாகக் கட்டிய இரும்புச் சட்டம். கூரையின் பாரத்தை வாங்கி, இரண்டு பக்கத்து வெளிச்சுவர்கள் மேல் இறக்கிவைப்பதுதான் அதன் வேலை. மேலிருந்து என்ன பாரம் ஏற்றினாலும் தாங்கும். பக்கத்திலிருந்து தள்ளினால்தான் வம்பு, விளிம்பில் நிறுத்திய அப்பளம் மாதிரி சாய்ந்துவிடும். அதனால் முதல் டிரஸைத் தூக்கிச் சுவர்மேல் வைத்ததும், தரையில் நெட்டையாக ஒரு கம்பத்தை ஊன்றி அதோடு இறுக்கிக் கட்டி, சாய்வாகவும் இரண்டு கொம்பு கொடுப்போம். அதுதான் முட்டு. இரண்டாவது டிரஸ் முதலாவதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மூன்றாவது இரண்டாவதை. கடைசியில் டிரஸ்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல இரும்பு பிரேசிங் மாட்டி முடுக்கிய பிறகுதான் கூரை சொந்தக் காலில் நிற்கும். அதுவரை மொத்தக் கூரையும் அந்த ஒற்றைக் கம்பத்தின் தயவில் இருக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் இஞ்சினியர் வரதராஜன் சார். ஒல்லியான மனிதர், சட்டை கசங்காது, குரல் உயராது. வேலை நடக்கும் இடத்துக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் முதலில் கைக்குட்டையை எடுத்து உயரத் தூக்கிப் பிடிப்பார். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, மடித்துப் பையில் வைத்த பிறகுதான் வணக்கம் சொல்வார். காற்றுக்கு அடுத்த மரியாதைதான் மனிதர்களுக்கு.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவனைப் பார்த்துச் சாந்தமாக, "இவருக்கு ஒரு டீ சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். டீ வரும். தப்பு செய்தவன் எல்லார் முன்னாலும் நின்று அதைக் குடித்து முடிக்க வேண்டும். குடித்து முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த டீயைவிடச் செருப்படி மேல் என்று எங்கள் கோஷ்டியில் எல்லாரும் சொல்வோம். வெளியாட்கள், "உங்க சார் தங்கமான மனுஷன், வேலைக்காரனுக்கு டீ வாங்கித் தராரே" என்று பாராட்டினால் நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம்.

ஒருமுறை மத்திகிரியில் ஒரு வீடு. உள்சுவருக்கும் டிரஸுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லியிருந்தோம். டிரஸ் வெளிச்சுவரில்தான் உட்கார வேண்டும். நடுவிலே எதன்மேலும் சாயக் கூடாது. சாய்ந்தால் பாரம் பாதை மாறி உள்சுவர் வெடிக்கும். கொத்தனார் முனிராஜுக்கு அந்த இடைவெளியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் செங்கல் சில்லு வைத்துச் சிமெண்டால் அழகாக அடைத்திருக்கிறார். கேட்டால், "பாவம் சார், அவ்ளோ நீட்டு இரும்பு நடுவுல அந்தரத்துல தொங்குது. ஏதோ நம்மால ஆன ஒத்தாசை" என்றார். இரும்பின் மேல் இரக்கப்பட்ட ஒரே மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். சார் அவருக்கு டீ சொன்னார். முனிராஜ் பாதி கிளாஸ் குடிக்கும்போதே உளியை எடுத்துக்கொண்டு தானாகவே ஏணியில் ஏறிவிட்டார்.

இனி மஞ்சள் கதை. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் நரசப்பா என்று ஒரு விவசாயி. தக்காளி, ரோஜா, கொஞ்சம் ராகி. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் டிரஸ் போட்டுப் புது வீடு கட்டினார். வைகாசியில் மகள் மஞ்சுளாவின் கல்யாணத்தை அந்தப் புது வீட்டுக் கூடத்திலேயே நடத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த வருஷம் மின்வெட்டு பட்டறையைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. ஓட்டை போடும் மெஷின் ஓடுகிற நேரத்தைவிட நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். சார் நரசப்பாவிடம் பட்டென்று சொல்லிவிட்டார்.

"கல்யாணத்தை மண்டபத்துக்கு மாத்திக்கோங்க. கூரையை அவசரப்படுத்தக் கூடாது. இந்த வீடு கல்யாணத்துக்கு ஆகாது."

நரசப்பா தலையைச் சொறிந்தார். "மாப்ள வூட்டுக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க சார். கூரை ஏறலைன்னா கல்யாணம் கல்லாவியில, அவங்க ஊர்லன்னுட்டாரு சம்பந்தி. அவ்ளோ தூரம் எம்பொண்டாட்டியால வர முடியாதுங்களே. அவ இல்லாம எப்பிடி சார் பொண்ணக் குடுக்கறது?"

அவர் மனைவி லட்சுமம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. உட்கார முடியாது, வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலில் தற்காலிகமாகப் போட்ட, வீட்டுப் பக்கம் திறந்த தகரக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பார். படுத்தபடியே நாள் முழுக்க எங்கள் வேலையைப் பார்ப்பார். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்று என் ஆட்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். சார் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது என்னிடம், "பாத்துக்கோங்க கணேசன்" என்றார். கூரை நின்றால் அந்த அம்மா மகள் கல்யாணத்தைப் பார்ப்பார், இல்லாவிட்டால் இல்லை.

நான்கு டிரஸ்களை ஏற்றிவிட்டோம். குறுக்குச் சட்டங்களைக் கட்டிவைத்தோம். பிரேசிங் மட்டும் வரவில்லை, பட்டறையில் கரண்டுக்குக் காத்துக் கிடந்தது. அன்று மத்தியானம் டெம்போவில் கொண்டுவருவதாக சார் சொல்லியிருந்தார். அதே நாளில்தான் முகூர்த்தக்கால் நடுகிறார்கள் என்பது எங்களுக்குக் காலையில்தான் தெரியும். சாயங்காலம் சம்பந்தியும் வருகிறாராம், கூரை ஏறியதா என்று கண்ணால் பார்க்க.

விசேஷத்துக்கு எஜமானி நரசப்பாவின் அக்கா ரத்னம்மா. தும்கூரில் கட்டிக்கொடுத்தவர், பேச்சில் கன்னடம் பாதி, தமிழ் பாதி, அதிகாரம் முழுசு. கல்யாண வீட்டில் வேலைக்காரன் டிபன் பாக்ஸ் திறந்தால் குடும்பத்துக்கே கேவலம் என்று சொல்லி எங்களைக் கொல்லைப்பக்கம் இலை போட்டு உட்காரவைத்துவிட்டார். டிரஸ் நிற்கும்போது ஓர் ஆள் கீழே காவல் இருக்க வேண்டும் என்பது சார் வைத்த சட்டம். அன்றைய காவல் மாதேஷ். அவனையும் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்து உட்காரவைத்து ஒப்பட்டு என்கிற போளி இரண்டு போட்டு நெய்யும் ஊற்றினார். நெய்க்கு முன்னால் சட்டம் என்ன செய்யும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் நாயனம் கேட்டது. "கால் நடறாங்கண்ணா" என்றான் மாதேஷ். கை கழுவிக்கொண்டு நாங்களும் போனோம். ஈசானிய மூலையில் கால் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலையும் நவதானிய முடிச்சும் கட்டி, பால் ஊற்றி லட்சணமாக இருந்தது. எங்கள் கையிலும் அட்சதை கொடுத்தார்கள். நான் போட்டேன். மாதேஷ் இரண்டு தரம் போட்டுக் கும்பிட்டான்.

அப்போது கட்டிலிலிருந்து லட்சுமம்மா கூப்பிட்டார். "மேஸ்திரி, மேல உன்னுது ஒண்ணு கொறையற மாதிரி இருக்குதே."

மேலே பார்த்தேன். முதல் டிரஸ் பிடிமானம் இல்லாமல் வானத்தில் நின்றுகொண்டிருந்தது. முட்டுக்கம்பம் இல்லை, அதற்குக் கொடுத்த சாய்வுக் கொம்புகள் தரையில் கிடந்தன. திரும்பி முகூர்த்தக்காலைப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியிலே சிவப்பு பெயிண்டில் எங்கள் பட்டறை அடையாளம் மங்கலாகத் தெரிந்தது. மாதேஷின் கையில் ஒட்டிய அட்சதை இன்னும் உதிரவில்லை.

நடந்தது இதுதான். பந்தல்காரன் மூங்கிலோடு ஆனேக்கல்லிலிருந்து வர வேண்டியவன், கர்நாடக பார்டரில் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டான். நல்ல நேரம் முடியப்போகிறது. ரத்னம்மா நாலு பக்கமும் பார்த்திருக்கிறார். நேராக, வழவழவென்று, பட்டை உரித்த ஒரு தைலமரக் கம்பம் வீட்டோரமாகச் சும்மா நிற்கிறது. அண்ணன் தம்பி பிள்ளைகளை ஏவிக் கட்டவிழ்த்துவிட்டார். நீளம் அதிகம் என்று இரண்டாக அறுத்தும் விட்டார்கள்.

"அக்கா, அது எங்க கம்பம்" என்றேன்.

"யாரு கம்பமா இருந்தா என்னப்பா. இப்ப அது சாமி."

"இப்பவே புடுங்கணும்க்கா. கூரை விழுந்துரும்."

"நட்ட கால புடுங்கறதா? பொண்ணு வாழ்க்கை என்னாத்துக்கு ஆவறது? பேடப்பா பேடா, வேணாம்."

"சரி, மிச்சப் பாதி எங்க?"

"சமையல் கொட்டாயிக்கு நடுக்கால். அதுக்கும் பூசை ஆயிடுச்சி."

அந்த நீளத்தில் அங்கே வேறு கம்பம் கிடையாது. அணைப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு காற்று வரும். மழை சும்மா பேருக்குத்தான், ஆட்டமெல்லாம் காற்றுடையது. டிரஸ்களில் மெல்ல ஒரு முனகல் கேட்டது. மாதேஷ் ஈசானிய மூலையைப் பார்த்து மறுபடி கும்பிட்டான். இந்தத் தடவை உண்மையான பக்தி.

அந்த நேரத்தில்தான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்னாலேயே பிரேசிங் ஏற்றிய டெம்போ. சார் இறங்கினார், கைக்குட்டையை எடுத்தார். அது கையைவிட்டே பறந்துபோய் முகூர்த்தக்காலில் மாட்டிக்கொண்டது. சார் அந்தக் காலைப் பார்த்தார், சிவப்பு பெயிண்டைப் பார்த்தார், மேலே டிரஸைப் பார்த்தார்.

"டிரஸுக்குக் கீழே ஒருத்தரும் இருக்கக் கூடாது. கயிறு எடுங்க."

முதல் டிரஸின் உச்சியில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு நீளக் கயிறுகள். சுவர்மேலேயே நின்று கொக்கியை வீசி மாட்டியவன் மாதேஷ். அதற்காக அவன் அன்று சாப்பிட்ட ஒப்பட்டை மன்னித்துவிட்டேன். பந்தலுக்காக வாசலைச் சுத்தமாக வழித்துவைத்திருந்ததால் கயிற்றைக் கட்ட ஒரு மரம்கூட இல்லை. ரத்னம்மா பயந்துபோய், "அந்தக் காலுலயே கட்டுங்க சார்" என்றார்.

"வேண்டாம்மா. அது கல்யாணத்தைத் தாங்கட்டும். கூரையை நாம தாங்குவோம்" என்றார் சார்.

அதன்படியே ஆனது. விசேஷத்துக்கு வந்த சொந்தபந்தம் முழுக்க ஒரு கயிற்றைப் பிடித்தது. பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி, நாயனக்காரர் எல்லாரும் அதில் அடக்கம். மறுபக்கக் கயிற்றுக்கு நானும் கோஷ்டியும் நாலைந்து பேர்தான். ஆள் போதவில்லை என்று நான் பதறும்போது ஒரு வேன் வந்து நின்றது. பழத்தட்டோடு இறங்கியவர் கல்லாவிச் சம்பந்தி கோவிந்தன். பெண் வீட்டார் மொத்தமும் வாசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவர் தட்டோடு வேன் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"ஐயா, தட்டை வண்டியிலேயே வெச்சிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தக் கயித்தைப் புடிங்க" என்றார் சார், காபி சாப்பிடுங்க என்று உபசரிக்கும் அதே குரலில். கோவிந்தன் பிடித்துவிட்டார். அவர் ஆட்களும் பிடித்தார்கள்.

"யாரும் இழுக்க வேண்டாம். சும்மா தளராமப் புடிங்க, போதும்" என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு கயிற்றில் பெண் வீட்டாரையும் எதிர்க் கயிற்றில் மாப்பிள்ளை வீட்டாரையும் நிறுத்திவிட்டு இழுக்காதே என்றால் யார் கேட்பார்கள். கோவிந்தன் பக்கம் ஓர் இழுப்பு இழுத்தது. ரத்னம்மாவுக்கு ரோஷம் வந்து இடுப்பில் முந்தானையைச் செருகினார். டிரஸ் ஒருமுறை மேற்கே பார்த்தது, ஒருமுறை கிழக்கே பார்த்தது. காற்றைவிட இவர்கள்தான் ஆபத்து என்று எனக்குத் தோன்றியது.

கட்டிலிலிருந்து லட்சுமம்மாவின் குரல் வந்தது. மல்லாந்து படுத்திருந்த அவருக்குத்தான் உச்சி நேராகத் தெரிந்தது. "கெழக்கால சாயுது, கெழக்கால சாயுது. அக்கா, நீ வுடு. கொஞ்சம். போதும், அப்பிடியே நில்லு. இப்ப மேக்கால போவுது. அவங்கள வுடச் சொல்லுங்க."

சார் கோவிந்தனிடம் போய், "சம்பந்தி, கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்றார்.

கோவிந்தன் விட்டுக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்தில் அவர் விட்டுக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான் என்று நரசப்பா பிற்பாடு சொன்னார். டிரஸ் நிமிர்ந்தது. காற்று ஓய்ந்து, நாலு பெரிய தூறல் விழுந்து, வெயில் அடிக்கும்வரை அந்தப் படுத்த படுக்கைக் குரலைக் கேட்டு அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அப்புறம் நாங்கள் ஏறினோம். பிரேசிங்கைப் பெருக்கல் குறியாக மாட்டி, தூக்குக்குண்டு பிடித்து, நட்டை முடுக்கினோம். சார் கீழே நின்று ஒவ்வொரு இணைப்பாகச் சொல்லி, முடுக்கியாச்சா என்று கேட்டு எங்களிடம் பதில் வாங்கினார். கடைசி நட்டு ஏறிய பிறகே கயிற்றை விடச் சொன்னார். சிலருக்கு விரலை விரிக்கவே முடியவில்லை.

பிறகு சார் ரத்னம்மாவைப் பார்த்தார். "அம்மாவுக்கு ஒரு டீ சொல்லுங்க."

எங்கள் கோஷ்டி உறைந்துபோனது. ரத்னம்மா டீயை வாங்கி, நின்றபடியே குடித்தார். சார் பார்த்துக்கொண்டே இருந்தார். "எவ்ளோ நல்ல மனுஷன், இத்தன பேர்ல எனக்கு மட்டும் சொன்னாரு பாரு" என்று தம்பியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, "சக்கரை கம்மி, இன்னொண்ணு சொல்லுங்க" என்று கிளாஸை நீட்டினார். சார் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதற்கடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பும்போது சார் என் கையில் ஒரு மஞ்சள் பொட்டலம் கொடுத்தார். முதல் டிரஸுக்கு முட்டு ஊன்றியதும் கம்பத்துக்குப் பூசிவிட வேண்டும். மஞ்சள் பூசி நட்ட கம்பத்தைப் பார்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருத்தர்கூடப் பிடுங்க மாட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை எங்கள் முட்டு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. பாதுகாப்பு அதிகாரிக்கு இதுதான் பதில்.

கல்யாணம் அந்தக் கூடத்திலேயே நடந்தது. ஓடு வேய்ந்து சுண்ணாம்பு வாடை போகாத வீடு. கோவிந்தன் தன் உறவுக்காரர்களை வரிசையாக அழைத்துவந்து, "இந்தக் கூரைய நிறுத்தினதே நாங்கதான்" என்று அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தார். லட்சுமம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து மணவறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். புதுப்புடவை, தலை நிறையச் சொந்தத் தோட்டத்து ரோஜா. கெட்டிமேளம் கொட்டி மஞ்சுளா கழுத்தில் தாலி ஏறியது. அதை ஒரு கணம் பார்த்தவர், பிறகு கண்ணைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டு அங்கேயே வைத்திருந்தார்.

சார் குனிந்து மெதுவாகக் கேட்டார். "என்னம்மா, மேலயே பாக்கறீங்க? எங்கயாவது சாயுதா?"

"சாயல சார். கீழ பாத்தா அழுவ வந்துருது. நல்ல நாளும் அதுவுமா அழக் கூடாதுன்னு உங்க இரும்பப் பாத்துக்கினு கெடக்கறேன்."

சார் நிமிர்ந்து நின்று அவரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். இந்த வீடு கல்யாணத்துக்கு ஆகாது என்று சொன்னது அவர்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கணேசன், எனக்கு ஒரு டீ சொல்லுங்க."

கொண்டுவந்து கொடுத்தேன். எங்கள் கோஷ்டி முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, கடைசிச் சொட்டுவரை நின்றே குடித்தார்.